காரணம் எழுதாத ஒரு வரி

நாய் வழக்கில் சாட்சி சொல்லப் போய்த்தான் எங்களுக்கு வக்கீல் கிடைத்தார். அதுவும் எதிர்க்கட்சி வக்கீல்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வளர்த்த வெள்ளை நாய், பக்கத்து வீட்டுக்காரரின் கெண்டைக்காலைப் பதம் பார்த்துவிட்டது. ராஜபாளையத்தில் பிள்ளையைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், நாயைச் சொன்னால் பொறுக்க மாட்டார்கள். என் நாய் கடிக்கவே கடிக்காது என்று அந்த மனுஷன் சாதித்தார். பேச்சு முற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வரைக்கும் போய்விட்டது. நாய் கடித்ததை வாசலில் நின்று கண்ணால் பார்த்தவர்கள் நானும் என் வீட்டுக்காரரும். அவர் நாலு பேர் கூடுகிற இடத்துக்கு வர மாட்டார் என்பதால் நான் கூண்டேறினேன்.

நாய்க்காரருக்கு வாதாடியது ஒரு பெண் வக்கீல். முப்பத்தைந்து வயது இருக்கும். குரல் மெதுவாகத்தான் இருந்தது, கேள்விதான் ஊசி. “நீங்க மட்டும்தான் பாத்தீங்களா?” என்றார். “எங்க வீட்டுக்காரரும் பாத்தாக. அவுக பட்டாளத்துல இருந்தவுக, பொய் சொல்ல மாட்டாக” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய்க்குப் பூட்டு கிடையாது.

“பட்டாளத்துல இருந்தவர்னா பென்ஷன் வாங்குறாரா?”

“இல்ல.”

“ஏன் இல்ல?”

“பிறவியிலேயே வலிப்பு நோயின்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டாங்க.”

“பிறவியிலேயே வலிப்பு இருந்தவர எப்படிம்மா பட்டாளத்துல எடுத்தாங்க? டாக்டர் பாக்காமலா எடுப்பாங்க?”

நான் பொய் சொல்கிறவள் என்று காட்டத்தான் அந்தக் கேள்வி. நீதிபதி குறுக்கிட்டு, “வழக்கு நாயைப் பத்தினது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறேன், அந்தக் கேள்வி ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

வெளியே வந்ததும் வராந்தாவில் அந்த வக்கீலை மறித்துக்கொண்டேன். “எங்க வீட்டுக்காரரப் பத்தி நாலு பேருக்கு முன்னால கேக்க ஒனக்கு என்னம்மா வந்துச்சு?” என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த காகிதக் கட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, “மன்னிச்சிருங்க அக்கா. உங்களை மடக்கத்தான் கேட்டேன். ஆனா கேட்ட பொறவு எனக்கே அது நெசமான கேள்வியாத் தெரியுது. வீட்டுல அந்தக் காகிதம் இருந்தா கொண்டாங்க” என்றார்.

நாய் வழக்கில் அவர் கட்சிக்காரர் தோற்றார். எங்கள் வழக்கை அவர் எடுத்துக்கொண்டார். அந்த நாய்க்கு இன்றைக்கும் பார்க்கிற இடத்தில் பிஸ்கட் போடுகிறேன்.

எங்கள் கதை பெரிய கதை இல்லை. கல்யாணமாகும்போது அவர் பட்டாளத்தில் ஆறு வருஷம் முடித்திருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். நான் மாமியாரோடு இருந்தேன். மாமியார் என்றால் எல்லோரும் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு வாய்த்தவர் தங்கம். இரண்டு வருஷம் என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதற்குச் சில மாதம் கழித்துத்தான் வடக்கே பனிமலையில் காவல் இருந்த இடத்தில் இவருக்கு முதல் வலிப்பு வந்தது. அதற்கு முன்னால் வந்ததே இல்லை. பிறகு மூன்று தடவை வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, டாக்டர்கள் குழு பார்த்து, ஒன்பது வருஷ சர்வீஸோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கறுப்புத் தகரப் பெட்டி ஒன்றும், ஒரு கட்டுக் காகிதமுமாக வந்து இறங்கினார். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு மாதம்.

காகிதத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. நோய் படைப்பணியால் வந்ததல்ல, உடம்பின் இயல்பிலேயே உள்ளது என்று அதற்கு அர்த்தம். அந்த வரியைப் படித்தவர்கள் எல்லோரும் எங்களுக்குச் சொன்னது, “பிறவிக் கோளாறுப்பா, அதான் பென்ஷன் இல்ல” என்பதுதான். மில்லில் வாட்ச்மேன் வேலை கேட்டுப் போனார். டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவர்களும் வேண்டாம் என்றார்கள். கடைசியில் நான் வேலை பார்க்கிற பேண்டேஜ் கம்பெனியிலேயே அவருக்கும் இடம் கிடைத்தது. நான் துணி மடிப்பேன். அவர் கட்டுக் கட்டி லேபிள் ஒட்டுவார். லேபிள் ஒரு நூல் பிசகாது, எல்லாம் பரேடு வரிசைதான். அந்த வேலை கொடுத்த முதலாளியை நான் மனசுக்குள் கும்பிடாத நாளில்லை. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் மாதம் தவறாமல் மாத்திரை எடுத்து வைத்திருந்து கொடுத்த மருந்தாளரையும்தான். அந்த மாத்திரையில்தான் வலிப்பு வருவது குறைந்து, பிறகு நின்றேபோனது.

வலிப்பு நின்றது. அந்த வரி நிற்கவில்லை. அவர் முன்னாள் ராணுவத்தினர் கூட்டம் எதற்கும் போக மாட்டார். சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினால், தெரு முனையிலேயே நின்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். ஒரு பிள்ளை போதும் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு இன்னொன்று வேண்டும் என்று கொள்ளை ஆசை. அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அந்த மனுஷன் அசையவில்லை. ஏன் என்று கேட்டால் சுவரைப் பார்ப்பார்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது, தகரப் பெட்டியின் பூட்டுச் சாவியை, அது ஒரு கனத்த இரும்புச் சாவி, கொண்டுவந்து பிள்ளையின் தலைமாட்டில் வைத்தார். காத்துக் கருப்பு அண்டாமல் இருக்கப் பச்சைப்பிள்ளைப் பக்கத்தில் இரும்பு வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். பட்டாளத்துக்காரருக்குக்கூட இம்புட்டு பயமா என்று கேலி செய்தேன். தினமும் ராத்திரி பிள்ளை தூங்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் படுப்பார். தலைமாட்டில் இருந்த சாவி பள்ளிக்கூடப் பைக்குப் போனது. கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் படித்தபோது அந்தப் பைக்கும் போனது. காலேஜ் பஸ் ஏறுமுன், “சாவி இருக்கா?” என்று கேட்பார். “இருக்குப்பா” என்பாள். கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும்போதும் கொடுத்தனுப்பினார். போன வருஷம் அவளுக்குப் பிள்ளை பிறந்ததும், அவள் பையிலிருந்து எடுத்து, தொட்டில் கயிற்றில் தானே கட்டிவிட்டு வந்தார். பெட்டி இத்தனை வருஷமும் பூட்டாமலே கிடந்தது.

வக்கீலம்மா எல்லாக் காகிதத்தையும் கேட்டார். எல்லாவற்றையும் கொண்டுபோனேன், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரை வீட்டுக்கு அனுப்பியபோது, ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. அவரானால் அப்போது மாத்திரை மயக்கத்தில் பாதி நாள் தூங்கிக்கொண்டே இருப்பார். எழுப்பி உட்காரவைத்தாலும் கையெழுத்துக் கோணும். சரி, நாமே பார்ப்போம் என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். கோர்ட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் டைப் மிஷினை வைத்துக்கொண்டு மனு எழுதுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். கைராசிக்காரர் என்று பெயர்.

“வலிப்பு எப்ப இருந்து?” என்று கேட்டார்.

“பட்டாளத்துல இருக்கும்போதுதான் வந்துச்சு.”

“அப்படி எழுதக் கூடாது தாயி. அது சர்க்கார் மேல குத்தம் சொல்ற மாதிரி ஆயிரும். குத்தம் சொன்னா மனு நிக்காது. மனுன்னா படிக்கிறவன் கண்ணுல தண்ணி வரணும்.”

மனு எழுதுவது என்றால் எங்கள் ஊரில் அப்படித்தான். ரேஷன் கார்டுக்கு எழுதினாலும் ‘ஏழை’, ‘அனாதை’, ‘தங்கள் பொற்பாதங்கள்’ எல்லாம் வந்துவிட வேண்டும். அவர் தட்டித் தட்டி எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். ‘சிறுவயது முதலே பரம்பரை வலிப்பு நோயால் அவதியுறும் என் கணவரைத் தாங்கள் ஒன்பது ஆண்டுகள் வைத்துக் காப்பாற்றிய பெருங்கருணையை எங்கள் குலமே மறவாது. அதே கருணையை இந்த அபலைக்கும் பால் மணம் மாறாத குழந்தைக்கும் காட்டி...’ கேட்டு நானே அழுதுவிட்டேன். எவ்வளவு நல்ல மனு! கையெழுத்துப் போட்டேன். அதை ஆங்கிலத்திலும் எழுதிச் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பரம்பரை நோய் என்பது பொய் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மனுவில் எழுதுவது பொய்யில் சேராது என்று நினைத்தேன். கும்பிடு போடும்போது முதுகை வளைப்பதில்லையா, அந்த மாதிரி. இரண்டு மாதத்தில் பதில் வந்தது. பரிசீலித்ததில் மாற்றம் செய்யக் காரணம் ஏதுமில்லை என்று இரண்டே வரி. மனுவின் நகலைத் தகரப் பெட்டியின் அடியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே தள்ளிவிட்டேன். அவரிடம் சொல்லவே இல்லை.

வக்கீலம்மா, “வேற எதுவும் இருக்கா அக்கா?” என்று கேட்டபோதும் இல்லை என்றுதான் சொன்னேன். என் கையாலேயே என் வீட்டுக்காரர் வாயில் மண்ணைப் போட்டவள் நான் என்று எப்படிச் சொல்வது?

வக்கீலம்மா தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு, இவரைப் பட்டாளத்தில் எடுத்தபோது செய்த உடல் சோதனைக் காகிதத்தையும், வீட்டுக்கு அனுப்பியபோது டாக்டர்கள் குழு எழுதிய காகிதத்தையும் கேட்டார். அத்தனை பழைய காகிதம் எங்கே கிடைக்கப்போகிறது என்று நான் அலட்சியமாக இருந்தேன். அந்த அலுவலகத்தில் யாரோ ஒரு குமாஸ்தா தூசியைத் தட்டித் தேடி எடுத்து, ஒவ்வொரு பக்கமாக நகல் எடுத்து, முத்திரை வைத்து அனுப்பியிருந்தார். முகம் தெரியாத அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவரைத் திட்டத்தான் செய்தேன்.

ஏனென்றால் அவர் ஒரு காகிதத்தையும் விடவில்லை.

கவர் வந்த அன்று நாங்கள் இருவரும் வக்கீலம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தோம். தேர் நிற்கிற பக்கத்துச் சந்தில் மாடியில் அறை. பத்து பேருக்கு மேல் ஏறினால் படி அழுதுவிடும். அவர் முதலில் ஆளெடுத்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். “பாருங்க. வலிப்பு உண்டா? இல்லை. தலையில் அடி? இல்லை. குடும்பத்தில் யாருக்காவது உண்டா? இல்லை. உடல் தகுதி முழுமைன்னு டாக்டர் கையெழுத்து.” அப்புறம் இரண்டாவதை எடுத்து வைத்தார். “இது அனுப்பும்போது எழுதினது. நோய் படைப்பணியால் வந்ததல்லன்னு ஒரு வரி. பக்கத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க.”

கட்டம் வெறுமையாக இருந்தது.

“சேரும்போது நோய் இல்லன்னு அவங்களே எழுதிட்டா, பொறவு வர்ற நோய் வேலையில வந்ததுன்னுதான் எடுத்துக்கணும். இல்லன்னு சொல்லணும்னா ஏன்னு காரணம் எழுதணும். அன்னைக்கு இருந்த விதியே அதுதான். இவங்க காரணமே எழுதல. இது டாக்டருக்கு டாக்டர் மாறுற அபிப்பிராயம் இல்ல அண்ணாச்சி, சட்டப் பிழை. இப்ப நாம புதுசா எந்த சர்டிபிகேட்டும் வாங்க வேண்டாம். அன்னைக்கு அவங்க மேசையில இருந்த காகிதத்த வச்சே அந்த முடிவு தப்புன்னு காட்டணும்.”

என் வீட்டுக்காரர் அந்த வெற்றுக் கட்டத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அப்போதுதான் வக்கீலம்மா மூன்றாவது காகிதத்தை எடுத்தார். வேப்ப மரத்தடி டைப் எழுத்தைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன்.

“அக்கா,” என்றார், “இது நீங்க அனுப்புனதா?”

ஓட இடமில்லை. படி ஒன்றுதான், அதையும் மறித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நாற்காலி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வக்கீலம்மா சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். ‘சிறுவயது முதலே பரம்பரை...’ என்று வந்ததும் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

“அது எனக்குத் தெரியும்மா,” என்றார் என் வீட்டுக்காரர்.

நான் நிமிர்ந்தேன்.

“பெட்டியில பேப்பருக்கு அடியில இருந்துச்சு. அப்பவே படிச்சிட்டேன்.”

“படிச்சிட்டு ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?” என்றேன். குற்றம் என்னுடையது, கோபமும் என்னுடையது. அப்படித்தான் எனக்கு வரும்.

அவர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். “எங்க அம்மா ஒங்கூட ரெண்டு வருசம் இருந்தா. அவதான் ஒங்கிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சேன். சின்னப் பிள்ளையில எனக்கு வந்திருக்கும், பட்டாளத்துல எடுக்க மாட்டாங்கன்னு எங்கிட்ட மறைச்சிருப்பா. அவ செத்துப்போன பொறவு யார்ட்டப் போயிக் கேக்க?”

சொல்லிவிட்டு இப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப அம்மா சொல்லலையா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. சத்தியமா இல்ல. மனு எழுதுன பெரியவர் போட்டது. அழுகை வரணும்னு போட்டாரு. நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“அம்மா சொல்லல,” என்று அவர் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார். பிறகு மெதுவாக, “பரம்பரைன்னா பிள்ளைக்கும் வரும்ல. அதப் படிச்ச அன்னைக்குத்தான் பெட்டிச் சாவியக் கழட்டுனேன்” என்றார்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். ரோட்டில் இவர் விழுந்தபோதெல்லாம் யார் யாரோ சாவிக்கொத்தைக் கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். அதனால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் இருபத்தைந்து வருஷமாக மகள் பையில் அந்தச் சாவி எதற்கு இருந்தது என்று எனக்கு உறைக்கவே இல்லையே! தினமும் அவள் தூங்குவதை ஏன் பார்த்துக்கொண்டு நின்றார், இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று ஏன் சுவரைப் பார்த்தார், எல்லாம் அந்த மாடி அறையில் எனக்குப் புரிந்துபோயிற்று. இரண்டு நாள் பட்டினி கிடந்து அந்த மனுஷனோடு சண்டை போட்டிருக்கிறேன். அவர் பயந்ததற்குக் காரணமே என் கையெழுத்து. வாய்விட்டு அழுதேன். மனுவைக் கேட்டு அழுத அழுகை எல்லாம் ஒரு அழுகையா?

வக்கீலம்மா தண்ணீர் கொடுத்தார். “அக்கா, இந்த மனுவால வழக்கு கெட்டுப்போயிரும்னுதானே மறைச்சீங்க?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதியைக் காட்டினார். “டாக்டர்கள் முடிவு எழுதுன நாள் இது. நீங்க மனு எழுதுன நாள் இது, அஞ்சு மாசம் கழிச்சு. எழுதாத மனுவை அவங்க எப்படிப் படிச்சிருப்பாங்க? அவங்க முடிவுக்கு இது காரணமா இருக்கவே முடியாது. எதிர்த்தரப்பு இத எடுக்கத்தான் செய்யும். எடுக்கட்டும்.”

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என்னைவிட இருபது வயது சின்னவள். பரவாயில்லை.

படி இறங்கும்போது என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தேன். “என்ன மன்னிச்சிருவீகளா?” என்று கேட்டேன். “நீ கேக்கல, நானும் கேக்கல. ரெண்டு பேரும் கேட்டிருக்கலாம்” என்றார். பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு டீ குடித்தோம். அந்தக் கூட்டத்திலும் என் கையை அவர் விடவில்லை, எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

சென்னையில் உள்ள ராணுவத்தினருக்கான தீர்ப்பாயத்தில் வழக்கைப் போட்டார் வக்கீலம்மா. வாய்தா மேல் வாய்தாவாக ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. சென்னைக்கு அலைய வேண்டுமே என்று பயந்தேன். கொரோனா வந்து போனதில் ஒரு நல்லது, விசாரணையை வீடியோவில் வைத்துக்கொண்டார்கள். அந்த மாடி அறையிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, ஷூவைப் பாலிஷ் செய்து போட்டுக்கொண்டு வந்திருந்தார். திரையில் கழுத்துக்குக் கீழே தெரியாது என்று சொன்னேன். “அது அவங்களுக்கு. நமக்கு நாம தெரியணும்ல” என்றார்.

ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். வக்கீலம்மா பிறகு எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். இருபத்தாறு வருஷம் ஏன் தூங்கினீர்கள் என்பது முதல் கேள்வி. பிறவி நோய் என்று சொல்லி அனுப்பப்பட்டவர், பிறவியோடு யார் வழக்காடுவார்கள் என்று வக்கீலம்மா பதில் சொன்னாராம். அடுத்து எதிர்த்தரப்பு வக்கீல் என் மனுவை எடுத்தார். மனைவியே பரம்பரை நோய் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று படித்தார். அந்த ஆங்கிலத்திலும் எனக்கு அது விளங்கிவிட்டது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டேன். மேசைக்குக் கீழே என் கையைத் தட்டிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டுக்காரர்தான்.

நீதிபதி இரண்டு தேதிகளையும் கேட்டார். பிறகு, “குழு எழுதிய காரணம் எங்கே?” என்று எதிர்த்தரப்பைக் கேட்டார். அந்த வக்கீல் காகிதக் கட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் இரண்டு தடவை புரட்டினார். எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஒரு வாய்தா கேட்டு இன்னும் ஆறு மாதம் இழுத்திருக்கலாம். “பதிவேட்டில் காரணம் இல்லை” என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். அவர் பிள்ளைகுட்டியும் நன்றாக இருக்கட்டும்.

உத்தரவு மூன்று வாரம் கழித்து வந்தது. பழைய முடிவு விதிக்கு மாறானது, அது ரத்து. நோய் படைப்பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். ஊனமுற்றோர் ஓய்வூதியம் தர வேண்டும். பழைய பாக்கியில் கடைசி மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும் என்றும் இருந்தது. கம்பெனியில் என் தோழிகள் அதைக் கேட்டு ஐயோ பாவம் என்றார்கள். எங்களுக்கு அது பாவமாகவே படவில்லை. வக்கீலம்மாவுக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்றுதான் யோசித்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்குப் பால்கோவா கொண்டுபோனால் சிரிப்பார்கள். ஒரு கூடை சப்பட்டை மாம்பழம் சுமந்துகொண்டு மாடியேறினோம்.

“அந்த ஒரு வரிய மட்டும் தமிழ்ல சொல்லுங்கம்மா” என்று கேட்டார் என் வீட்டுக்காரர். வக்கீலம்மா சொன்னார். இன்னொருமுறை கேட்டார். இன்னொருமுறையும் சொன்னார். மூன்றாவது தடவை கேட்க வெட்கப்பட்டு, “சரிம்மா” என்று எழுந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் நேரே மகள் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனேன். பேரப்பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர், தொட்டில் கயிற்றில் இருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். தானே போட்ட முடிச்சு, அவிழ மாட்டேன் என்றது. மகள் பதறிப்போய், “எதுக்குப்பா அவுக்குறீங்க? நான் பொறந்ததுல இருந்து இருக்குல்ல, இருந்துட்டுப் போகட்டும்” என்றாள். அவளுக்கு அதுவரை நாங்கள் எதையும் சொல்லியிருக்கவில்லை.

அவர் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார். சாவியைச் சட்டையில் துடைத்தார். தூங்குகிற பிள்ளையைச் செத்த நேரம் பார்த்தார். அது எப்போதும் பார்க்கிற பார்வை இல்லை.

“இது பெட்டிச் சாவி தாயி,” என்றார். “பிள்ளைக்கு எதுக்கு?”